தேமல் துகளிலிருந்து தடுப்பூசி: ஒரு துறையின் அனுபவம்

தேமல் விழுந்த காராமணிச் செடியைத் தோட்டத்தில் யாரும் விட்டுவைப்பதில்லை. தாவர வைரஸ் துகளைக் கொண்டு தடுப்பூசி செய்யும் ஆய்வகங்களின் பசுமைக்குடிலில் அதே தேமலை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். விதை முளைத்து முதல் இரண்டு இலைகள் விரிந்ததும் அவற்றின் மேல் கார்போரண்டம் தூளைச் சன்னமாகத் தூவி, வைரஸ் கரைசலை விரலால் தடவுவார்கள். தூள் இலைத்தோலில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும்; வைரஸ் அந்த வழியாக உள்ளே போகும். சில நாட்களில் புது இலைகள் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகும். இரண்டு மூன்று வாரங்களில் இலைகளைப் பறித்து, எடை போட்டு, உறையவைப்பார்கள்.

அதன்பின் நடப்பது பழைய உயிர்வேதியியல் வேலை. இலையை அரைத்து, சாற்றைக் குளோரோஃபார்ம், பியூட்டனால் கலவையால் தெளியவைத்து, பாலிஎத்திலீன் கிளைக்காலும் உப்பும் சேர்த்து வைரஸைப் படியவைப்பார்கள். அந்தப் படிவைக் கரைத்துச் சர்க்கரைக் கரைசலின் மேல் விட்டு அதிவேக சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால், விளக்கொளியில் குழாய்க்குள் வெண்ணிறப் பட்டைகள் தெரியும். காராமணித் தேமல் வைரஸ் என்றால் ஒரு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வரை கிடைக்கும். புகையிலைத் தேமல் வைரஸ் அதைவிட அதிகமாகவே தரும். விலங்குச் செல்களை வளர்த்து மில்லிகிராம் கணக்கில் புரதம் எடுத்தவர்களுக்கு இந்த விளைச்சல்தான் இத்துறையின் முதல் கவர்ச்சி.

இந்தத் துகள்களைப் பற்றிய அறிவு தடுப்பூசிக்காகச் சேர்ந்ததில்லை. 1935-இல் வெண்டல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கினார்; 1946-இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். படிகமாக்கிய அடுத்த ஆண்டே, 1936-இல், இங்கிலாந்தில் பாடனும் பிரீயும் அதில் புரதத்தோடு ஆர்என்ஏவும் இருப்பதைக் காட்டினர். 1955-இல் ஃபிரங்கல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் புரதத்தையும் ஆர்என்ஏவையும் தனித்தனியே பிரித்து, மறுபடி ஒன்றாகக் கலந்தார்கள். துகள் தானாகவே கூடியது. செடியில் நோயும் உண்டாக்கியது. 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிமனும் கொண்ட அந்தக் குச்சியில் ஒரே புரதம் 2,130 முறை திருகுபடியாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு புரதத்திலும் 158 அமினோ அமிலங்கள். சரியான சூழல் கிடைத்தால் தானே கூடிக்கொள்ளும் இந்தக் குணம்தான் பிற்காலத்தில் தடுப்பூசிக்காரர்களுக்குக் கைகொடுத்தது.

காராமணித் தேமல் வைரஸ் வேறு வடிவம். ஏறத்தாழ 30 நானோமீட்டர் விட்டமுள்ள, இருபது முகம் கொண்ட உருண்டை அது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு உறைப்புரதங்கள். ஒவ்வொன்றும் 60 பிரதிகள். அதன் மரபுப்பொருள் இரண்டு ஆர்என்ஏ துண்டுகளாக வெவ்வேறு துகள்களில் அடைபட்டிருக்கும். செடியில் நோய் வர இரண்டும் வேண்டும். எதுவும் அடைபடாத வெறும் துகளும் உடன் உருவாகும். அந்த வெறும் துகளைச் செடி தரும் கழிவாகவே வெகுகாலம் ஒதுக்கினார்கள். பின்னாளில் அதைத் தனியாகச் செய்ய முயன்று ஒரு தொழில்நுட்பமே உருவானது.

உடலின் எதிர்ப்பு மண்டலம் இந்த அடுக்கை ஏன் மதிக்கிறது என்பது 1990களில் தெளிவாயிற்று. ஒரு நோய்க்கிருமியின் புரதத்திலிருந்து பத்துப் பதினைந்து அமினோ அமிலங்களைத் தனியே வெட்டி எடுத்து ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதே துணுக்கு ஒரே இடைவெளியில், ஒரே திசையில், பத்துக்கணக்கில் நின்றால் பி செல்லின் மேலுள்ள ஏற்பிகள் பல ஒரே நேரத்தில் பிணைக்கப்பட்டு, அந்தச் செல் விழித்துக்கொள்ளும். 1993-இல் மார்ட்டின் பாக்மனும் சகாக்களும் ஒரு விலங்கு வைரஸைக் கொண்டு இந்த ஒழுங்கின் பங்கை நிறுவினார்கள். அளவும் உதவுகிறது. இந்த அளவிலான துகள்கள் ஊசி போட்ட இடத்திலிருந்து நிணநீர்க் கணுவுக்குத் தாமாகவே வடிந்து சேர்கின்றன. துகளின் உள்ளே ஆர்என்ஏ இருந்தால் அதுவும் எதிர்ப்புச் செல்களை உசுப்பும்.

இந்த வழியில் முதல் அடி 1986-இல் வைக்கப்பட்டது. ஹெய்ன்ஸும் சகாக்களும் போலியோ வைரஸின் ஒரு சிறு துணுக்கைப் புகையிலைத் தேமல் வைரஸின் உறைப்புரத வாலில் ஒட்டி, ஈ. கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்தார்கள். புரதங்கள் ஒன்றுகூடிக் குச்சிகளாயின. எலிகளுக்கு ஊசி போட்டபோது போலியோவை முடக்கும் ஆன்டிபாடிகள் வந்தன. அதில் செடிக்கு இடமே இல்லை. செடியிலேயே உயிரோடு பெருகும் வைரஸில் வேற்றுத் துணுக்கைப் பொருத்த, முதலில் ஆர்என்ஏ வைரஸின் மரபுச்செய்தியை டிஎன்ஏவாக மாற்றி, வெட்டி ஒட்டி, மீண்டும் நோய் உண்டாக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வசதி கைகூட இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

இங்கிலாந்தின் நார்விச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையத்தில் ஜார்ஜ் லோமோனோசாஃபின் குழு காராமணித் தேமல் வைரஸில் அதைச் செய்தது. அமெரிக்காவில் ஜான் ஜான்சன் அந்த வைரஸின் அணு அணுவான படத்தை வைத்திருந்தார். சிறிய புரதத்தில் துகளின் மேற்பரப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வளைவு அந்தப் படத்தில் தெரிந்தது. வேற்றுத் துணுக்கைப் பொருத்த அதுவே இடம் என்று முடிவாயிற்று. 1993-இல் வெளியான அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் ஆர். உஷா, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தாவர வைரஸ் ஆய்வில் நெடுங்காலம் ஈடுபட்டவர். மாடுகளைத் தாக்கும் கோமாரி வைரஸின் ஒரு துணுக்கு காராமணி வைரஸின் மேல் நின்றது. ஒரு விலங்கு வைரஸின் துணுக்கைச் சுமந்த தாவர வைரஸ் செடியில் பெருகியது.

ஆனால் அந்தத் துணுக்கு நிலைக்கவில்லை. செருகிய முறையில் துணுக்கின் இரு பக்கமும் ஒரே மாதிரியான மரபெழுத்துகள் வந்துவிட்டன. வைரஸைச் செடியிலிருந்து செடிக்கு மாற்ற மாற்ற, அந்த இரண்டு பகுதிகளும் ஒன்றோடொன்று இணைந்து, நடுவிலிருந்ததை வெளியே தள்ளின. சில தலைமுறைகளில் பசுமைக்குடிலில் பழைய காராமணி வைரஸ்தான் மிஞ்சியது. வைரஸுக்கு அந்தத் துணுக்கால் ஒரு பயனும் இல்லை. சுமையை இறக்க வழி கிடைத்தால் இறக்கிவிடும். 1994-இல் போர்ட்டாவும் சகாக்களும் எதையும் இரட்டிக்காமல், எதையும் அகற்றாமல் துணுக்கை மட்டும் நுழைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் மாற்றங்கள் பல தலைமுறை தாங்கின. இருந்தாலும் ஒவ்வொரு அறுவடையிலும் வைரஸின் ஆர்என்ஏவை எடுத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கும் பழக்கம் அன்றிலிருந்தே இத்துறையில் கட்டாயமாயிற்று. விளைச்சல் திடீரென்று கூடினால் அனுபவசாலிகள் மகிழ்வதில்லை. துணுக்கு விழுந்துவிட்டதோ என்று முதலில் பார்ப்பார்கள்.

அடுத்த பாடம் சளி வைரஸிலிருந்து வந்தது. ரைனோ வைரஸ் 14-இன் துணுக்கைச் சுமந்த காராமணித் துகள்கள் நன்றாக வளர்ந்தன, நிலையாக இருந்தன. முயல்களில் ஆன்டிபாடியும் வந்தது. ஆனால் அந்த ஆன்டிபாடி உயிருள்ள ரைனோ வைரஸை முடக்கவில்லை. 1996-இல் துகளின் படிக அமைப்பு 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியானபோது காரணம் தெரிந்தது. செருகிய வளைவு ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. செடியின் நொதிகள் அதை அறுத்துவிட்டதால் துணுக்கின் ஒரு முனை மட்டும் துகளோடு ஒட்டி நிற்க, மறுமுனை தளர்ந்து ஆடியது. ரைனோ வைரஸில் அதே துணுக்கு இரு முனையும் பிடிக்கப்பட்டு ஒரு குறிப்பிட்ட வளைவில் நிற்கும். எழுத்து சரி, உருவம் தவறு. ஆன்டிபாடி உருவத்தைத்தான் பிடிக்கிறது. இதற்குப் பிறகு, நீட்டிய நிலையிலேயே வேலை செய்யும் துணுக்குகளை முதலில் தேர்ந்தெடுப்பதும், சிக்கலான மடிப்புள்ளவற்றை வேறு வழிக்கு ஒதுக்குவதும் வழக்கமாயிற்று.

புகையிலைத் தேமல் வைரஸில் வேலை செய்தவர்கள் வேறொரு தடையைக் கண்டார்கள். சில துணுக்குகளைச் சுமந்த வைரஸ் செடி முழுவதும் பரவியது. சில துணுக்குகள் சேர்ந்ததும், தடவிய இலையில் கருகிய புள்ளிகளாகவே நின்றுவிட்டது. நீளம் ஒன்றாக இருந்தாலும் இந்த வேறுபாடு வந்தது. 1999-இல் பென்டாமானும் ரோஜர் பீச்சியின் குழுவினரும் இதை மின்னேற்றக் கணக்காக விளக்கினார்கள். நேர்மின் அமினோ அமிலங்கள் மிகுந்த துணுக்கு துகளின் மேற்பரப்பு மின்னேற்றத்தைக் குலைக்கிறது. செடியும் அந்த வைரஸை அந்நியமாகக் கண்டு இலைத்திசுவைக் கருக்கி அடைக்கிறது. துணுக்கின் பக்கத்தில் எதிர்மின் அமினோ அமிலங்களைச் சேர்த்துச் சமன்செய்தால் வைரஸ் பரவுகிறது. காராமணி வைரஸிலும் நேர்மின் துணுக்குகள் விளைச்சலைக் குறைத்தன. நீளத்துக்கும் எல்லை உண்டு; முப்பதுக்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்களைத் தாண்டினால் காராமணி வைரஸ் பெரும்பாலும் ஒத்துழைப்பதில்லை. வைரஸைத் துணி மாட்டும் ஆணியாக நினைத்து வந்தவர்களுக்கு, எதை மாட்டலாம் என்று ஆணியே தீர்மானிக்கும் என்பது இந்த ஆண்டுகளில் புரிந்தது.

1997-இல் இத்துறைக்கு முதல் உறுதியான வெற்றி கிடைத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டால்ஸ்கார்டும் சகாக்களும், மிங்க் என்னும் ரோம விலங்கைக் கொல்லும் குடல் அழற்சி வைரஸிலிருந்து 17 அமினோ அமிலத் துணுக்கு ஒன்றை எடுத்துக் காராமணி வைரஸில் வைத்தார்கள். ஒரு மில்லிகிராம் துகள், ஒரே ஊசி. நோயுண்டாக்கும் வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது விலங்குகள் தப்பின. அவற்றின் கழிவில் வைரஸ் வெளியேறுவதும் ஏறக்குறைய நின்றது. தாவர வைரஸ் துகள் ஒரு தடுப்பூசியாக, நோய் வரக்கூடிய விலங்கிலேயே, உண்மையான நோய்க்கு எதிராக வேலை செய்தது. அந்தத் துணுக்கு நாய்களின் பார்வோ வைரஸுக்கும் பூனைகளின் அதே குடும்ப வைரஸுக்கும் பொதுவானது. 2001-இல் லாங்கவெல்டும் சகாக்களும் காராமணித் துகளைச் செயலிழக்கச் செய்து நாய்களுக்குப் போட்டு, உயிர்கொல்லும் பார்வோ தாக்குதலிலிருந்து காத்தார்கள்.

இருந்தும் அந்தத் தடுப்பூசி கால்நடை மருந்துக் கடைக்கு வரவில்லை. பார்வோவுக்கு ஏற்கெனவே மலிவான, நல்ல தடுப்பூசி இருந்தது. அதோடு மரபணு மாற்றப் பயிர்களுக்கு ஐரோப்பாவில் எழுந்த எதிர்ப்பில், தாவரத்தில் மருந்து செய்ய நினைத்த தொழில்களுக்குப் பணம் தருபவர்கள் ஒதுங்கினார்கள். காராமணித் தொழில்நுட்பத்தை வணிகத்துக்குக் கொண்டுவர முயன்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1999-இல் மூடப்பட்டது. ஏற்கெனவே ஒருவர் நன்றாகச் செய்யும் வேலையைப் புது வழியில் செய்துகாட்டினால் பாராட்டு கிடைக்கும், வாங்குபவர் கிடைக்கமாட்டார் என்பதை இத்துறை இங்கே கற்றது.

இதே காலத்தில் பிலடெல்ஃபியாவில் ஹிலாரி கோப்ரோவ்ஸ்கியும் விடாலி யூசிபோவும் குதிரைமசால் தேமல் வைரஸை எடுத்துக்கொண்டார்கள். கோப்ரோவ்ஸ்கி போலியோ, வெறிநாய்க்கடித் தடுப்பூசிகளில் பெயர்பெற்ற மூத்த அறிஞர். வெறிநோய் வைரஸின் துணுக்குகளைச் சுமந்த அந்த வைரஸைப் பசலைக் கீரையில் வளர்த்து, கீரையாகவே தின்னக் கொடுக்கும் திட்டம் அது. எலிகளில் பலன் தெரிந்தபின் மனிதத் தன்னார்வலர்களுக்கும் கீரை கொடுத்தார்கள். 2002-இல் வெளியான முடிவுகளில், அவர்களில் சிலருக்கு ஆன்டிபாடி உயர்ந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி உயரவில்லை. உண்ணும் தடுப்பூசி என்ற கனவு அளவுக் கணக்கில் இடறியது. ஒரு இலையில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது, வயிற்றின் அமிலத்தைத் தாண்டி எவ்வளவு போகிறது, தின்றவர் எவ்வளவு மென்றார் என்பவை ஆளுக்கு ஆள் மாறும். மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்பது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. அதன்பின் உணவாகக் கொடுப்பதைக் கைவிட்டு, தூய்மைப்படுத்தி ஊசியில் கொடுப்பதற்கே பெரும்பாலான ஆய்வகங்கள் திரும்பின.

கலிபோர்னியாவின் வகாவில் ஊரிலிருந்த லார்ஜ் ஸ்கேல் பயாலஜி நிறுவனம் வைரஸின் இன்னொரு பயனைப் பிடித்துக்கொண்டது. அங்கே புகையிலைத் தேமல் வைரஸ் துணுக்கைச் சுமக்கும் துகளாக மட்டுமன்றி, செடியின் செல்லுக்குள் வேற்று மரபணுவைக் கொண்டுபோய்ப் பெருக்கும் வாகனமாகவும் பயன்பட்டது. நிணநீர்ப் புற்றுநோயில் ஒவ்வொரு நோயாளியின் கட்டியும் தனக்கே உரிய ஒரு ஆன்டிபாடியைத் தாங்கி நிற்கும். அதன் மரபணுவை வைரஸில் ஏற்றி, நிகோட்டியானா பெந்தமியானா என்னும் புகையிலை இனச் செடியில் தடவினால் சில வாரங்களில் அந்த ஒரு நோயாளிக்கான தடுப்பூசிப் பொருள் கிடைத்தது. ஆளுக்கொரு மருந்து என்ற யோசனைக்குச் செடியின் வேகம் பொருந்தியது. மனிதர்களில் முதற்கட்டச் சோதனையும் நடந்தது. ஆனால் முடிவுகள் 2008-இல் அச்சாகும் முன்பே, 2006-இல், நிறுவனம் திவாலாகிவிட்டது.

கென்டகி மாநிலம் ஓவன்ஸ்பரோவில் அதற்கு இருந்த உற்பத்திக்கூடம் மட்டும் பிழைத்தது. கென்டகி பயோபிராசசிங் என்ற பெயரில் இயங்கிய அந்த இடத்தில்தான் 2014 எபோலா கொள்ளைநோயின்போது ஸீமேப் என்ற ஆன்டிபாடி மருந்து செடிகளில் தயாரிக்கப்பட்டது. அதே ஆண்டு ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் நிறுவனம் அதை வாங்கியது. 2017-இல் ரெனால்ட்ஸோடு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கைக்குப் போனது. கொரோனா வந்தபோது அங்கே தயாரான தடுப்பூசியில் வைரஸின் கூர்முனைப் புரதப் பகுதி செடியில் தனியாக உற்பத்தி செய்யப்பட்டு, புகையிலைத் தேமல் வைரஸ் குச்சிகளின் மேல் வேதிமுறையில் பிணைக்கப்பட்டது. மனிதச் சோதனைக்கு அது போனது. உரிமம் வரை போகவில்லை.

செடியில் உற்பத்தி செய்யும் முறை இதற்குள் அடியோடு மாறியிருந்தது. முன்பெல்லாம் முழு வைரஸே செடி முழுவதும் பரவ வேண்டும். அது பரவினால்தான் விளைச்சல். 2000களில் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவில் மரபணுவை ஏற்றி, செடியைக் கவிழ்த்துக் கரைசலில் முக்கி, வெற்றிடம் கொடுத்து இலை முழுவதும் உறிஞ்சவைக்கும் முறை பரவியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஐகான் ஜெனடிக்ஸ் புகையிலைத் தேமல் வைரஸைத் துண்டுகளாகப் பிரித்து இதற்கேற்ப மாற்றியது. நார்விச்சில் காராமணி வைரஸின் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு உருவாக்கிய மரபணு வாகனங்கள் (வெக்டர்கள்) உலகெங்கும் ஆய்வகங்களுக்குப் போயின. 2009-இல் அதே ஆய்வகம் காராமணி வைரஸின் வெறும் கூட்டை, உள்ளே ஆர்என்ஏ எதுவும் இல்லாமல், தேவையான அளவு செய்துகாட்டியது. நோய் பரப்ப முடியாத துகள் என்பதால் பசுமைக்குடிலைச் சுற்றியுள்ள வயல்களைப் பற்றிய கவலை குறைந்தது. ஆர்என்ஏ உள்ள துகளைப் பயன்படுத்துபவர்கள் புற ஊதா ஒளியாலோ ஃபார்மலினாலோ அதைச் செயலிழக்கச் செய்கிறார்கள்.

அக்ரோபாக்டீரியம் முறை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கனடாவின் மெடிகாகோ நிறுவனம் காட்டியது. அதன் கொரோனா தடுப்பூசியில் தாவர வைரஸ் துகள் இல்லை. கொரோனாவின் கூர்முனைப் புரதமே செடியின் சவ்வோடு சேர்ந்து துகளாக மொட்டவிழ்ந்தது. 2022 பிப்ரவரியில் கனடா அதற்கு உரிமம் கொடுத்தது. செடியில் செய்த ஒரு தடுப்பூசி மனிதர்களுக்கு உரிமம் பெற்றதைத் துறையே கொண்டாடியது. ஆனால் நிறுவனத்தில் பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்துக்குப் பங்கு இருந்ததால் உலக சுகாதார நிறுவனம் அதை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்க்க முன்வரவில்லை. 2023-இல் உரிமையாளரான மிட்சுபிஷி குழுமம் நிறுவனத்தையே மூடியது. புகையிலைச் செடியை அறிந்த தொழிலிடம் பணமும் பசுமைக்குடிலும் இருக்கின்றன. அந்தப் பணத்தோடு வரும் பெயர் தடுப்பூசிக்குத் தடையாகிறது. இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

செடியை முழுவதும் விட்டுவிட்டு, தாவர வைரஸின் உறைப்புரதத்தைப் பாக்டீரியாவில் செய்யும் வழியும் கூடவே வளர்ந்தது. 1993-இல் ஆஸ்திரேலியாவில், ஜான்சன் புல் என்னும் புல்லைத் தாக்கும் தேமல் வைரஸின் உறைப்புரதத்தில் வேற்றுத் துணுக்குகளைச் சேர்த்து ஈ. கோலையில் துகள்களாக்கினார்கள். அதையே எடுத்துக்கொண்டு, டெல்லியின் தேசிய நோய்எதிர்ப்பியல் நிறுவனத்தில் மஞ்சு சைனியும் சுதான்ஷு விராட்டியும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் துணுக்கைச் சுமக்கவைத்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில் உயிர்கொல்லும் அளவு வைரஸிலிருந்து எலிகள் தப்பின. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எச்.எஸ். சாவித்திரியும் எம்.ஆர்.என். மூர்த்தியும் சொடக்குத் தக்காளி இனத்துச் செடியைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் கூட்டைப் பாக்டீரியாவில் கூடவைத்து, அதன் அமைப்பையும் ஆராய்ந்தார்கள். கோமாரியின் துணுக்குகளைச் சுமந்த அந்தத் துகள் நோய் கண்ட மாட்டையும் ஊசி போட்ட மாட்டையும் பிரித்தறியும் ரத்தச் சோதனைக்குப் பயன்பட்டது. தடுப்பூசிக்காகச் செய்த துகள் சோதனைக்கருவியாவது இத்துறையில் அடிக்கடி நடப்பது.

பாக்டீரியாவில் செய்வது வேகம். நாடெங்கும் அதற்கான தொட்டிகள் உண்டு. ஆனால் ஈ. கோலையின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் துகளோடு ஒட்டிக்கொள்ளும். அதை நீக்காமல் எலிக்குப் போட்டால் வரும் பலன் துகளுடையதா, நச்சினுடையதா என்று சொல்ல முடியாது. இத்துறையில் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்கள் ஒரு கட்டுரையில் முதலில் தேடுவது எண்டோடாக்சின் அளவைத்தான்.

லாட்வியாவின் ரிகா நகர ஆய்வகமும் சுவிட்சர்லாந்தில் பாக்மனின் குழுவும் சேர்ந்து வெள்ளரித் தேமல் வைரஸின் கூட்டை இந்த வழியில் கொண்டுபோனார்கள். அதன் உறைப்புரதத்துக்குள் டெட்டனஸ் நச்சின் ஒரு துணுக்கைப் புதைத்தார்கள். பெரும்பாலானவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டிருப்பதால் அவர்களின் டி செல்கள் அதை ஏற்கெனவே அறிந்திருக்கும். வயதானவர்களிலும் பலன் குறையாது என்பது கணக்கு. துகளின் மேற்பரப்பில் எதைப் பொருத்துவது என்பதை மரபணுவில் எழுதாமல், தனியாகச் செய்த முழுப் புரதத்தை வேதிமுறையில் பிணைத்தார்கள். ரைனோ வைரஸில் கண்ட உருவச் சிக்கலுக்கு இதுவே தீர்வு: மடிப்பு கலையாத புரதம் அப்படியே துகளின் மேல் உட்காரும், வைரஸின் விருப்பு வெறுப்பும் குறுக்கே வராது. 2017-க்குப் பிறகு இதே துகளில் பூனை ஒவ்வாமைக்கு எதிராகப் பூனைக்கே போடும் ஊசியும், பூச்சிக்கடியால் தோல் அரிப்பு வரும் குதிரைகளுக்கான ஊசியும் வந்தன. நிலக்கடலை ஒவ்வாமைக்கான துகள் மனிதச் சோதனைக்குப் போயிருக்கிறது.

எல்லாச் சோதனையும் இப்படி அமைவதில்லை. குதிரைமசால் தேமல் வைரஸின் உறைப்புரதத்தோடு மலேரியா ஒட்டுண்ணியின் பிஎஃப்எஸ்25 புரதத்தைச் சேர்த்து, கொசுவின் வயிற்றிலேயே ஒட்டுண்ணியைத் தடுக்கும் தடுப்பூசி அமெரிக்காவில் மனிதர்களுக்குப் போடப்பட்டது. 2018-இல் வெளியான முடிவின்படி அது பாதுகாப்பானது, ஆன்டிபாடியும் வந்தது. ஆனால் கொசுவில் ஒட்டுண்ணியைத் தடுக்கும் வலிமை போதவில்லை. எலியில் வந்த பலனை மனிதனில் எதிர்பார்க்கும்போது துகளின் ஒழுங்கு மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

துறையின் போக்கை மாற்றிய கண்டுபிடிப்பு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 2016-இல் நிக்கோல் ஸ்டைன்மெட்ஸும் ஸ்டீவன் ஃபியரிங்கும் எதையும் சுமக்காத காராமணித் துகளை எலியின் புற்றுக்கட்டிக்குள் செலுத்தினார்கள். கட்டி சுருங்கியது, வேறிடத்தில் பரவிய புற்றும் தடுக்கப்பட்டது. துகளை அந்நியமாக அறிந்த எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் கூடி, அங்கிருந்த புற்றுப் புரதங்களையும் அடையாளம் கண்டுகொண்டன. செல்லின் மேலும் உள்ளும் உள்ள உணர்வேற்பிகளில் 2, 4, 7 ஆகிய எண்ணுள்ளவை இந்தத் துகளை உணர்வதாகப் பின்னர் தெரிந்தது. காராமணியிலேயே வளரும், உருவத்தில் ஒத்த வேறொரு உருண்டை வைரஸ் இந்த வேலையை அவ்வளவாகச் செய்யவில்லை. இதற்குமுன் எலியில் காராமணித் துகளோடு போட்ட துணுக்குகளுக்கு வலுவான பதில் வந்தபோதெல்லாம் அதைத் துணுக்கின் புகழாக எழுதியிருந்தார்கள். துகளின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. இப்போது தன்னிச்சையாகப் புற்றுநோய் வந்த வளர்ப்பு நாய்களில், வாய்ப்புற்றுக்கும் மார்புப் புற்றுக்கும், இந்த ஊசி சோதிக்கப்பட்டு ஊக்கமான முடிவுகள் வந்துள்ளன.

பாதுகாப்பு பற்றிய கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். தாவர வைரஸ்கள் மனிதச் செல்லில் பெருகுவதில்லை. மிளகாயைத் தாக்கும் ஒரு வைரஸ் மனித மலத்தில் ஏராளமாகக் காணப்படுகிறது. சாப்பாட்டோடு அது தினமும் உள்ளே போகிறது. புகைப்பவர்களின் ரத்தத்தில் புகையிலைத் தேமல் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதும் காட்டப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் இந்த ஆன்டிபாடி தடுப்பூசித் துகளைத் துடைத்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கட்டிக்குள் போடும் காராமணித் துகளைப் பொறுத்தவரை, எலிகளில் அந்தத் துகளுக்கு எதிரான ஆன்டிபாடி பலனைக் கூட்டியது. ஒரு வைரஸுக்குக் கண்ட விடையை இன்னொன்றுக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தே ஆக வேண்டும்.

துகளின் உறுதி இத்துறைக்கு இன்னொரு பலம். காராமணித் துகள் 60 பாகை செல்சியஸ் சூட்டையும் தாங்கும். அதனால் துகளை உருக்கிய பிளாஸ்டிக்கோடு கலந்து, தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சியாகவும், வலியில்லா நுண்ணூசித் தகடாகவும் வார்க்க முடிகிறது. குளிர்பெட்டி இல்லாத ஊர்களில் ஒரே தவணையில் வேலையை முடிக்க இந்த வழி உதவும். எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் உறைகுளிர்த் தேவையைக் கண்டபின் இந்தத் திசையில் வேலை கூடியிருக்கிறது.

நாற்பதாண்டு வேலைக்குப் பிறகும் தாவர வைரஸ் துகளையே தாங்கியாகக் கொண்ட மனிதத் தடுப்பூசி எதற்கும் உரிமம் கிடைக்கவில்லை. அறிவியல் தோற்றதால் வந்த நிலை என்று இதைச் சொல்ல முடியாது. மிங்கும் நாயும் எலியும் அதற்குச் சான்று. நல்ல தடுப்பூசி ஏற்கெனவே இருந்த நோய்களைத் தேர்ந்தது, உற்பத்திக்கூடத்துக்கு நீண்டகாலப் பணம் கிடைக்காதது, துகளைச் சுமைதூக்கியாக மட்டும் பார்த்தது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான முயற்சிகளை நிறுத்தின. இத்துறைக்குப் புதிதாக வருபவர், சுமக்கவைக்கும் துணுக்கை (ஆன்டிஜனை) தேர்ந்தெடுக்கும் முன் துகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அது எந்த உணர்வேற்பியைத் தொடுகிறது, எவ்வளவு சுமை தாங்கும், எங்கே மலிவாக விளையும் என்பதை முதலில் அறிய வேண்டும். பல கால்நடை நோய்களும் செல்லப்பிராணிகளின் புற்றுநோயும் இன்னும் நல்ல ஊசி இல்லாத இடங்கள். இந்தத் துகள்களுக்கு முதல் உரிமம் வருவதானால் அங்கிருந்து வரவே வாய்ப்பு அதிகம்.